மலையணிலும் நாற்பத்தாறு கால்தடங்களும்

குளக்கரை மருதமரத்தில் மலையணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, தன் இலையில் எத்தனை கால்தடங்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

நாற்பத்தைந்து!

"நேத்து நாற்பத்துநாலுதானே? ராத்திரிக்குள்ள ஒண்ணு கூடியிருக்கே, யாரா இருக்கும்?" அணில் மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தது. மீன் வாடை. நீர்நாய்தான்!

அந்த மருதமரத்துக்கு 'அறிமுக மரம்' என்று பெயர். வேலை தேடுகிறவர்கள் ஒரு தேக்கிலையில் தங்கள் பெயரைக் கீறி அங்கே தொங்கவிடுவார்கள். அவர்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் செம்மண் சேற்றில் கால் நனைத்து அந்த இலையில் தடம் வைப்பார்கள். பக்கத்தில் அந்தச் சேற்றிலேயே, பார்த்தது என்ன என்று ஒரு வார்த்தை கீறுவார்கள். ஆள் தேடுகிறவர்கள் வந்து, தடம் வைத்தவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவ்வளவுதான் வழக்கம். ஆனால் எளிதாக இருக்கும் ஒன்றை எளிதாகவே விட்டுவைக்க யாருக்கு மனசு வருகிறது?

மயில் தினமும் காலையில் வந்து, "இன்னிக்கும் அபாரமா ஆடினேன்! பணிவோட சொல்லிக்கறேன்!" என்று நாலு காடு கேட்க அகவியது. காக்கை ஒவ்வொரு இலையாகத் தாவி, "வாழ்த்துகள்! வாழ்த்துகள்!" என்றது. எதற்கு என்று பார்க்காது. கால் ஒடிந்து படுத்திருக்கிறேன் என்று காட்டெருமை எழுதியிருந்ததற்கும் வாழ்த்திவிட்டுப் போனது. குரங்குக்கு ஒரு வணக்கம் சொன்னால் போதும், மறுநிமிடமே, "தேனடை வேணுமா? நாலு மாம்பழம் குடு!" என்று கழுத்தைப் பிடிக்கும்.

மலையணிலுக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. ஆனால் வேடிக்கை பார்க்க அதற்கு நேரமில்லை. கோடைக் காற்றில் அதன் மரம் கூட்டோடு சாய்ந்துவிட்டது. வயிற்றில் குட்டி. ஒண்டிக்கொண்டிருந்ததோ ஒரு மூங்கில் புதர்; அந்தப் புதரின் அடியிலேயே ஒரு பாம்பு வளை. மழைக்கு இன்னும் பத்தே நாள்.

அப்போதுதான் யானைக் கூட்டத்திடமிருந்து செய்தி வந்தது. மழைக்காலத்தில் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, ஆற்றில் வெள்ளம் வந்தாலும் சிறுத்தை வந்தாலும் குரல் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வருகிறவருக்குப் பலாச்சரிவின் நடுமரம் வீடு. சுற்றிலும் யானைகள். எந்தப் பாம்பு கிட்டே வரும்?

"அது எனக்குன்னே வந்த வேலை!" என்றது அணில். அது உண்மையும்கூட.

நீர்நாய் குளத்திலிருந்து தலையை நீட்டியது.

"அணிலக்கா, பாத்தீங்களா? உங்க இலையில தடம் வெச்சுட்டேன்! நீங்களும் எனக்கு ஒண்ணு வையுங்க!"

"சரிப்பா, ஆனா என்னத்தைப் பாத்து வெச்சே?"

"நீச்சல்! எனக்குத் தெரிஞ்சது அதுதானே!"

"நான் குளத்துல வால்கூட நனைச்சதில்லையேடா!"

"அதனால என்னக்கா? நெறைய இருந்தா ஒரு கெத்து! யானைங்க என்ன ஒவ்வொண்ணா உக்காந்து விசாரிக்கவா போகுது?"

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. அணில் நீர்நாயின் இலையில் தடம் வைத்து, 'மரமேறுவதில் கெட்டிக்காரர்' என்று கீறியது. அந்த நாற்பத்தைந்தும் இப்படிக் கொடுத்து வாங்கியவைதான்.

அந்த இலையில் கொடுக்காமல் வந்தது ஒன்றே ஒன்று. அது தடம்கூட இல்லை, ஓட்டை. இரண்டு மாதத்துக்கு முன் முள்ளம்பன்றி வந்து முள்ளால் குத்திய ஓட்டை.

"சேறு மழையில கரைஞ்சுடும். அதான் குத்திட்டேன்" என்றது முள்ளம்பன்றி. போகும்போது, "என் இலையிலயும் ஒரு வார்த்தை எழுதறீங்களா? நான் அந்திநேரத்துல கிழங்கு தோண்டறதை மேலேர்ந்து தினமும் பாக்கறீங்களே" என்று கூச்சத்தோடு கேட்டது.

"பாக்கலாம்" என்றது அணில். பார்க்கவே இல்லை. மண்ணுக்குள் கிடக்கிற ஆளுக்கு எழுதினால் மரத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதைவிட, அந்த ஓட்டை! புதுப் புடவையில் ஊதுபத்தி சுட்ட மாதிரி பளிச்சென்று கண்ணை உறுத்தியது. அணில் அதை மரப்பிசினால் அடைத்தது. இருபது நாள் மயிலின் ஆட்டத்தைப் புகழ்ந்து, நீர்நாய் பேசிய அன்று சாயங்காலம்தான் மயிலின் தடத்தை வாங்கி, சரியாக அந்த இடத்தின் மேலேயே வைத்துக்கொண்டது.

நாற்பத்தாறு!

மறுநாள் யானைத் தலைவி வந்தாள். வந்தவள் அணிலின் இலையைத் தும்பிக்கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாற்பத்தாறா? அடேயப்பா! எனக்கே இத்தனை பேரைத் தெரியாதே. இந்த மீன் வாடை யாரு?"

"நான்தான்!" என்று நீர்நாய் எட்டிப் பார்த்தது. "அணிலக்கா பிரமாதமா முங்குவாங்கம்மா!"

"எங்கே முங்கினா?"

"குளத்துலதான்... இருக்கும்."

"நீ பாத்தியா?"

தொபுக்கடீர்! நீர்நாயைக் காணோம்.

தலைவி மயிலைக் கூப்பிட்டாள். "இவளை எப்படித் தெரியும்?"

"இந்தச் செம்பட்டை வாலா? என் ஆட்டத்தை நல்லா ரசிக்கும்."

"குரல் எப்படி?"

"என் குரலா? அதைப் பத்தி எல்லாருமே சொல்லுவாங்க!"

தலைவி காக்கையைப் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் காக்கை, "வாழ்த்துகள்!" என்றது.

"சரி, போதும்" என்றாள் தலைவி. "நாற்பத்தாறு பேர் சொல்லியிருக்காங்க. உன்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இருக்கறதாத் தெரியலையே!"

தலைவி கடைசியாக இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். மயிலின் தடத்துக்கு நடுவில் ஒரு புள்ளி, தேன் துளி மாதிரி மின்னியது.

"இது என்ன? இங்கே மட்டும் வெளிச்சம் வருது?"

பூச்சி அரித்தது என்று சொல்லிவிடலாம். வாய்வரைக்கும் வந்தது. கூடவே மூங்கில் புதரும் அதனடியில் இருந்த வளையும் நினைவுக்கு வந்தன. இன்னும் ஒரு பொய்யால் அங்கிருந்து வெளியே வந்துவிட முடியுமா என்ன?

"முள்ளம்பன்றி குத்தின ஓட்டை" என்றது அணில் மெல்ல. "நான்தான் அடைச்சேன். பாக்க அசிங்கமா இருந்துது."

"கூப்பிடு அவனை!"

பகல் தூக்கத்தில் இருந்த முள்ளம்பன்றி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது.

"இவளைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். தலைக்கனம் பிடிச்சவ! ஒரு வார்த்தை எழுதுங்கன்னு கேட்டேன், ரெண்டு மாசமா பாத்துக்கிட்டே இருக்கா. அட, என் ஓட்டையை வேற அடைச்சிருக்காளே!"

அணில் வாலால் முகத்தை மூடிக்கொண்டது.

"குரல் எப்படி?"

முள்ளம்பன்றியின் முட்கள் சலசலவென்று சிலிர்த்து, பிறகு அடங்கின.

"அது வேற விஷயம்மா. அன்னிக்குச் சிறுத்தை காத்துக்கு எதிர்ப்பக்கமா வந்துது. எனக்கே வாடை தெரியல. இவ உச்சியிலேர்ந்து கத்தினா. நானும் என் பொண்டாட்டியும் மூணு பிள்ளைங்களும் வளைக்குள்ள போற வரைக்கும் கத்தினா. சிறுத்தை கோபத்துல இவ மரத்துல பாதி ஏறிடுச்சு. அப்பவும் கத்தினா. இவளுக்கு மரியாதைதான் தெரியாது. பாக்கத் தெரியும், கத்தத் தெரியும்."

தலைவியின் காதுகள் அசைந்தன.

"எனக்கு வேண்டியதும் அந்த ரெண்டுதான்" என்றாள். "ஆனா ஒரு சந்தேகம். பக்கத்து இலையில, நீர்நாய் மரமேறும்னு எழுதியிருக்கியே, பாத்தியா?"

"இல்லீங்க."

"பாக்காததைப் பாத்தேன்னு சொல்றவளை உச்சியில உக்கார வெச்சா, என் கன்னுங்க ஆத்தங்கரையில என்ன ஆகும்?"

அணில் தன் கால் விரல்களில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தது.

"நீ பாக்காம வெச்ச தடம் எத்தனை?"

"நாற்பத்தைந்து."

"ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், முகத்தைப் பாத்துச் சொல்லிட்டு, நீயே துடைக்கணும். மழையில தானாக் கரைஞ்சுடும்னு உக்காந்துடாதே! மழை முந்திக்கிட்டா வேற ஆள் பாத்துப்பேன்."

அணில் கிளம்பியது. நாற்பத்தைந்து வாசல்! "உங்களை எனக்குத் தெரியாதுங்க. தெரியும்னு எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்க." குரங்கு தேனடையை எறிந்தது. காக்கை பழக்கதோஷத்தில் வாழ்த்திவிட்டு, விஷயம் புரிந்ததும் திட்டியது. ஆனால் நீர்நாய் மட்டும் படுத்தபடியே, "அப்பாடா! முதல்ல அதைத் துடைங்கக்கா!" என்றது. "அதை நம்பி ஒரு கரடி என்னை மரத்துல ஏத்தி விட்டுடுச்சு. விழுந்ததுல இடுப்பே போச்சு!"

பத்தாம் நாள் மத்தியானம் வானம் கறுத்தது. அணிலின் வால் முழுக்கச் செம்மண். எல்லா இலையும் துடைத்தாயிற்று. பலாச்சரிவுக்கு ஓட வேண்டியதுதான். ஓடவில்லை. திரும்பி வந்து, முள்ளம்பன்றியின் இலையைத் தேடிப் பிடித்து, பல்லால் அழுத்தமாகக் கீறியது: 'ஒரே பொழுதில் ஏழு கிழங்கு எடுத்தார். ஒன்றில்கூட வெட்டுக்காயம் இல்லை. நான் பார்த்தேன்.'

பிறகு ஓடிய ஓட்டத்தில் முதல் துளி விழுவதற்குள் நடுமரத்தின் உச்சியில் இருந்தது.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அறிமுக மரத்தில் சேற்றுத் தடங்கள் எல்லாம் கரைந்து குளத்துக்குள் போயின. மலையணிலின் இலையில் பிசினும் ஊறிக் கழன்று விழுந்தது. முள்ளம்பன்றி குத்திய ஓட்டை மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

நம் வேலையைப் பார்த்தே இராத நாற்பத்தாறு பேரின் புகழ்ச்சியைவிட, பார்த்த ஒருவரின் ஒரு வார்த்தைதான் வேலைக்கு ஆகும். அதனால் நீங்களும் பார்த்ததற்கு மட்டும் சாட்சி சொல்லுங்கள், உங்களுக்காகச் சொன்னவருக்கு மறக்காமல் திருப்பிச் சொல்லுங்கள்.