கழுகுகள் காத்த சூடான பாறை

பனிமலைக் காட்டில் ஓர் ஏரி இருந்தது. குளிர்காலத்தில் அது உறைந்ததும் விலங்குகள் இரண்டு அணியாகப் பிரிந்து அதன்மேல் ஹாக்கி ஆடும். தேவதாருக் கிளைதான் மட்டை. கவரிமா போட்ட சாணம் உறைந்து வட்டாகிவிடும், அதுதான் பந்து. (கவரிமா மான் அல்ல, சடை வளர்த்த மாடு. மானுக்கு அவ்வளவு சாணம் போட வராது.)

ஏரிக்கரையில் ஒரு வெந்நீர் ஊற்று. அதன் ஓரத்தில் எப்போதும் சூடாக இருக்கும் ஒரு பாறை. குறையற்ற ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கி ஓய்வு பெறுபவருக்கு அந்தப் பாறை ஆயுள் முழுக்கச் சொந்தம். அந்தப் பெயரைக் கொடுப்பவை மூன்று கிழக் கழுகுகள். அவை ஒருநாளும் மட்டை பிடித்ததில்லை.

சறுக்கன் என்ற நீர்நாய்க்குச் சின்ன வயதிலேயே அந்தப் பாறைமேல் கண். நேரே கழுகுகளிடம் போனது.

"பெரியவர்களே, குறையற்ற ஆட்டம் என்றால் என்ன?"

"கோப்பை!" என்றது மூத்த கழுகு. "தனி ஆள் அடிக்கும் கோலை யார் கேட்டார்கள்?"

அன்றுமுதல் சறுக்கன் வட்டைக் கோல் வாசல்வரை கொண்டுபோய், பக்கத்தில் நிற்கும் முயலுக்குத் தள்ளிவிடும். முயல் அடிக்கும். எல்லாரும் முயலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். சறுக்கனுக்கு வயிறு எரியும். "போகட்டும், பாறை எனக்குத்தான்" என்று விழுங்கிக்கொள்ளும். அதன் அணி ஆண்டு தவறாமல் கோப்பை வென்றது.

ஒருநாள் ஆட்டத்தில் சறுக்கனின் பின்னங்கால் முறிந்தது. இனி மீன் பிடிக்க முடியாது. வளைக்குள் கிடந்தால் குளிரே கொன்றுவிடும். நொண்டி நொண்டிப் பாறைக்கு வந்தது. பாறைமேல் மூன்று கழுகுகளும் சிறகை விரித்துப் படுத்திருந்தன.

"உரியவர் வரும்வரை பாறையைக் காவல் காக்கிறோம்" என்றது மூத்த கழுகு. "சரி, நீ எத்தனை கோல் அடித்தாய்?"

"கோலா? கோப்பை என்றுதானே சொன்னீர்கள்!"

"கோப்பை அணியுடையது, தம்பி. உன்னுடையது எங்கே?"

பக்கத்துப் பனிமேட்டிலிருந்து ஓர் இருமல் கேட்டது. எதிரணி ஓநாய் கூர்நகன். அந்த ஏரியில் அதைவிட அதிகம் கோல் அடித்தவர் கிடையாது. இப்போது எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

"என்னிடம் கோப்பை எங்கே என்று கேட்டார்கள்" என்றது ஓநாய்.

அந்த இடத்தில் சறுக்கனுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

"கேட்டது நியாயம்தானே! ஒரு கோப்பையாவது வென்றாயா, தன்னலக்காரா?"

"உன் கோப்பையை முயலல்லவா வென்றது! போடா, தள்ளுவண்டி!"

இரண்டும் பாய்ந்து கடித்துக்கொண்டன. பனி சிவந்தது.

"இவர்களில் யார் உயர்ந்தவர், அண்ணா?" என்று கேட்டது கடைசிக் கழுகு.

"என்ன அவசரம்?" என்றது மூத்த கழுகு, வயிற்றைச் சூட்டில் புரட்டியபடி. "இரண்டும் ஓயட்டும். அப்புறம் இறங்கிப் பார்ப்போம்."

பரிசின்மேல் படுத்திருப்பவர் கையிலேயே அளவுகோலும் இருந்தால், எவர் வாழ்க்கையும் நிறைவானது என்று அளக்கப்படாது.