மூன்றாவது துளை

மரங்கொத்தி கொண்டையன், மலையணில் செம்பியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் வேங்கை மரக் கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

அந்த மலையில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தோப்பு உண்டு. தோப்புகளைப் பார்த்து யோசனை சொல்வது கொண்டையனின் தொழில். முயலின் மூங்கில் புதரில் எதைக் கழிக்கலாம், மானின் நெல்லித் தோப்பில் தீ பரவாமலிருக்க எங்கே இடம் விடலாம் என்றெல்லாம் சொல்வான். மரத்தை அலகால் தட்டி, காது வைத்துக் கேட்பான். நல்ல மரமென்றால் பேசாமல் போய்விடுவான். சந்தேகமென்றால் இரண்டு துளை போடுவான். அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம் என்று அதற்குப் பொருள். மூன்று துளை போட்டுவிட்டால் அந்த மரம் நிற்கக்கூடாது. யானை மாதையன் வந்து, யாரையும் கேட்காமல், பக்கத்து மரத்தில் உரசாமல் சாய்த்துவிடுவான். துளையை எண்ணுவான், தள்ளுவான். வேறு பேச்சே கிடையாது.

அன்று செம்பியின் தோப்பை முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியாக வேங்கைக்கு வந்தான் கொண்டையன். தட்டினான். வெறும் பானையைத் தட்டியது போலிருந்தது! வேர்ப்பக்கம் இறங்கித் தட்டினான். அங்கேயும் அதே சத்தம். கறையான் உள்ளே ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

ஒரு துளை போட்டான். இரண்டாவதும் போட்டான்.

"அண்ணே! அண்ணே! என்ன பண்றீங்க? அது என் வீடு!"

"உள்ளே ஒண்ணுமே இல்லை, செம்பி. தோல்தான் நிக்குது."

"இலை இவ்வளவு பச்சையா இருக்கே! ஊர் மரத்தையெல்லாம் கொத்திக் கொத்தி உங்க மண்டை கலங்கிப் போச்சு!"

கொண்டையன் சிரித்துவிட்டான். ஆனால் செம்பி சிரிக்கவில்லை.

"மேலே இருக்கிற கூடு என் வீட்டுக்காரர் கட்டினது, அண்ணே. இன்னும் ஒரு சுள்ளி வேணும்னு போனவரைத்தான் கழுகு தூக்கிட்டுப் போச்சு. இதையும் சாய்ச்சுட்டா எனக்கு வேற என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க!"

மூன்றாவது துளை போடக் கொண்டையனுக்கு அலகு எழவில்லை. ஆடிக்காற்றுக்குப் பத்து நாள்கூட இல்லை. அது அவனுக்குத் தெரியும்.

"சரி, அடுத்த வருஷம் பார்ப்போம்," என்றான்.

"நீங்க நல்லவர், அண்ணே!" என்று ஒரு பழத்தை அவன் பக்கம் உருட்டிவிட்டாள் செம்பி. அவன் அதைத் தின்றான். பழம் தித்தித்தது.

ஒரு வாரம் கழித்து, நல்ல பகலில், காற்று வந்தது. மலைச்சரிவு முழுவதும் ஊளையிட்டது. செம்பி கூட்டுக்குள் சுருண்டு படுத்துக்கொண்டாள். வேங்கை முறியவில்லை, வேரோடு சாய்ந்தது. கீழே இருந்த பாறையில் கூடு மோதியது.

கொண்டையன் வந்தபோது மாதையன் மரத்தைத் தூக்கி ஓரமாக வைத்திருந்தான். செம்பியின் மேல் தேக்கிலை போட்டு மூடியிருந்தார்கள்.

"காத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்றது மான்.

"பாவம்! விதி!" என்றது முயல்.

மாதையன் மட்டும் அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முந்தாநாள் இந்த வழியாத்தான் போனேன். ரெண்டு துளை இருந்துச்சு. உன்னை நம்பிப் போயிட்டேன். உள்ளே இப்படிக் கிடந்திருக்கே, உனக்குக் கேட்கலையா, கொண்டையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அவ அழுவாளேன்னு விட்டுட்டேன்."

மாதையனின் தும்பிக்கை தொங்கிப்போனது. "அழுதுட்டுப் போறா! நாலு நாள் உன்னைத் திட்டியிருப்பா. திட்டுறதுக்கு உசுரோட இருந்திருப்பா இல்லே?"



மனம் நோகுமே என்று உண்மையை மறைக்கும் இரக்கம், யாருக்காக இரங்கினோமோ அவரையே கொன்றுவிடும்.

வேங்கை நின்ற இடத்தில் இப்போது வெயில் நன்றாக விழுகிறது, புல் முளைத்திருக்கிறது.