பதினோரு மணி டீ

நொய்யல் கரையில் சின்ன மடம் ஒன்று. அதன் தலைவி மயிலம்மையாருக்கு நாற்பது வயதிருக்கும். சீடர் ஆராவமுதனுக்கு அறுபத்திரண்டு. கல்லூரியில் முப்பது வருடம் பொருளாதாரம் நடத்தியவர். மடத்துக்கு வந்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் மட்டும் விடவில்லை.

அந்த வாரம் சென்னியப்பன் என்பவர் தினமும் காலை எட்டு மணிக்கு மதியச் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு மடத்துக்கு வந்தார். வேப்பமரத்தடியில் உட்காருவார். ஒரு மணிக்குச் சாப்பிடுவார். ஆறு மணிக்கு எழுந்து போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை காலை ஆராவமுதன் அம்மையாரிடம் வந்தார்.

“பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டராம். வெளிநாட்டுல வரி போட்டதுல ஆர்டர் நின்னு, திங்கட்கிழமை வேலை போயிடுச்சு. வீட்டுல சொல்லலை. வேலைக்குப் போறமாதிரி கிளம்பி இங்க வந்துடறார்.”

“பாவம்.”

“நாளைக்குச் சம்பள நாள். வெறுங்கையோட பெண்டாட்டி முகத்துல முழிக்க முடியாது, இன்னைக்குச் சாயங்காலமே கண்காணாத ஊருக்கு பஸ் ஏறிடறேன்னு சொல்றார். என்ன சொல்லி நிறுத்தறது அம்மா?”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ரெண்டு மணி நேரம் விளக்கினேன். ஒரு நாடு வாங்கலைன்னா இன்னொரு நாடு வாங்கும். சந்தை தானே சரியாகும். ரெண்டு வருஷத்துல எல்லாம் பழையபடி ஆயிடும்னு.”

“அவரு என்ன கேட்டாரு?”

ஆராவமுதன் தயங்கினார்.

“மணி என்னன்னு கேட்டார்.”

அம்மையார் எழுந்து மரத்தடிக்குப் போனார். ஆராவமுதனும் பின்னால் போனார். சென்னியப்பன் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றப் போனார்.

“எனக்கும் கொஞ்சம் தருவீங்களா?”

அவர் பதறிப்போய், மூடியைத் துண்டால் துடைத்து, அம்மையாருக்கு முதலில் ஊற்றிக் கொடுத்தார்.

“இஞ்சி தட்டிப் போட்டிருக்காங்க. நல்லாருக்குது. கம்பெனியில டீ தருவாங்களா?”

“பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் தருவாங்கம்மா. பன்னும் உண்டுங்க.”

“அப்புறம் எதுக்கு வீட்டுலருந்து டீ?”

“முந்தியெல்லாம் கொண்டுபோறதில்லீங்க. புதன்கெழமையிலருந்துதான் ஊட்டுக்காரி பூவாத்தா டீயும் பன்னும் வெச்சுக் குடுத்து...”

சென்னியப்பன் பாதியில் நிறுத்தினார். பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்கம்மா,” என்றார் மெதுவாக. “மூணு நாளாத் தெரிஞ்சிருக்குது. ஒரு வார்த்தை கேக்கலீங்களே.”

துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். முப்பது வருடம் வேலையின்மையைப் பற்றிப் பேசிய ஆராவமுதன் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஆற்றைப் பார்த்தார்.

அழுது முடித்ததும் சென்னியப்பன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டார்.

“இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றார் அம்மையார்.

“இல்லீங்கம்மா. ஊட்டுக்கே கொண்டுபோயி ரெண்டு பேருமாச் சாப்பிடறோமுங்க.”

ஆறு மணிக்குப் போகிறவர் பதினொன்றரைக்கே போனார். பஸ் நிலையம் இருக்கிற பக்கம் திரும்பவில்லை. ஆராவமுதன் அவர் தெருமுனை தாண்டும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“நான் சொன்னதுல என்னம்மா தப்பு?”

“தப்பே இல்லீங்க புரொபசரே. ரெண்டு வருசத்துல எல்லாம் சரியாயிரும்னீங்க. அதுவரைக்கும் பதினோரு மணி டீய யாரு குடுக்கறதுன்னு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்க.”