மூலம் எங்கே இருக்கிறது?

"இவளை இங்கேயே சேத்துக்கிடுங்கம்மா. இவளுக்குக் கல்யாணம் எழுதலை."

ஜோசியர் சங்கரலிங்கம் மகளின் பெட்டியைக் குடிசை வாசலில் வைத்தார். மகள் குழல்வாய்மொழி வழியெல்லாம் அழுதுவிட்டு வந்திருந்தாள்.

குற்றாலத்து மலையடியில் தனியாக இருந்த துறவி உலகம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் ஜோசியருக்கு அவர்தான் குரு.

"என்ன குறை இவளுக்கு?"

"மூல நட்சத்திரம். பெண் மூலம் நிர்மூலம். மாமனாருக்கு ஆகாது. எவன் கட்டுவான்?"

"நீங்களே இதை ஊர்ல எத்தனை வீட்டுல சொல்லியிருக்கீங்க?"

"சாஸ்திரத்துல இருக்கு, சொன்னேன்."

அதில் அவருக்கு எப்போதும் பெருமைதான். சாஸ்திரம் தன் வீட்டுப் படியேறி வந்த பிறகும் அது குறையவில்லை.

"சரி. இங்க ஒரு பாய்தான் மிச்சம் இருக்கு. அதை விரிக்கிறதுக்கு முன்னாடி, அந்த மூலத்தை எனக்குக் காட்டுங்க."

மார்கழி பிறந்திருந்தது. இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஜோசியர் அண்ணாந்தார். பஞ்சாங்கத்தை விட்டுத் தலை தூக்கிப் பழகாத மனிதர், கழுத்து வலித்தது.

கிழக்கே மரங்களுக்கு மேல் ஒரு நட்சத்திரம் நீலமாக எரிந்தது. சுற்றியிருந்தவை அதன் பக்கத்தில் மங்கிக் கிடந்தன.

"அதுதான்." விரலை நீட்டினார். "எவ்வளவு உக்கிரம் பாருங்க. மாமனாரை விட்டு வைக்குமா?"

"ஜோசியரே, இப்ப சூரியன் எங்க இருக்கு?"

"தனுசு ராசியில. மார்கழி முதல் பாதியில மூல நட்சத்திரத்துலதான்..."



மெல்ல மேற்கே திரும்பினார். சூரியன் இறங்கிப்போன இடம் இருட்டாக இருந்தது. மூலமும் அதோடு இறங்கியிருந்தது.

"அப்ப இது என்னது?" என்றாள் மகள். அங்கே வந்த பிறகு அவள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"இருபத்தேழு நட்சத்திரத்துல சேராதது. நம்ம சூரியனை அதுக்குப் பக்கத்துல வச்சா அகல்விளக்கு, அம்புட்டுப் பெருசு. ஆனா நிலா அந்தப் பக்கம் போறதில்லை. அதனால பஞ்சாங்கத்துல அதுக்கு இடமில்லை," என்றார் உலகம்மா.

குழல்வாய்மொழி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"எதிர்வீட்டுச் செண்பகத்தோட கல்யாணத்தை மூலம்னு சொல்லி நிறுத்தினீங்களே. அன்னைக்காவது மேல பாத்தீங்களாப்பா?"

ஜோசியருக்கு நீட்டிய விரலை மடக்கக்கூடத் தோன்றவில்லை.

உலகம்மா உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்தார். அதை ஜோசியரின் காலடியில் விரித்தார். பெட்டியைத் தூக்கி மகளின் கையில் கொடுத்தார்.

"நீ வீட்டுக்குப் போம்மா. கடைசி பஸ் இன்னும் போகலை."