மதிப்பெண்ணுக்கு ஒரு விரல்

கருவிளநாட்டு ராஜா வீரவல்லபருக்கு எல்லாம் இருந்தது, போர் மட்டும் இல்லை. சுற்றியிருந்த நாலு ராஜாக்களும் அவருக்குச் சம்பந்திகளாகிவிட்டார்கள். சம்பந்தியோடு சண்டை போடலாம், படையெடுக்க முடியாது. அந்தக் குறை தீர, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியைச் செய்ய வைத்தார். திறந்தால் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். திரைக்குள் ஒரு குட்டி வீரவல்லபர் வாளோடு அரக்கர் குகைக்குள் நுழைவார். குகைக்கு எழுபத்திரண்டு வாசல், வாசலுக்கு ஓர் அரக்கன். விளையாட்டுக்குப் பெயர் 'வல்லப விஜயம்'.

பெட்டி சந்தைக்கு வருமுன் அவைப் புலவர்கள் உட்படப் பதிமூன்று பேரிடம் கொடுத்து விமர்சனம் கேட்டார். பத்துக்கு எத்தனை என்று ஓலையில் எழுதித் தரவேண்டும். பன்னிரண்டு ஓலைகளில் பத்து இருந்தது. பதிமூன்றாவதில் நாலு.

நாலு போட்டவள் வஞ்சிக்கொடி. புதிதாக வரும் விளையாட்டை எல்லாம் ஆடிப் பார்த்து, சந்தைத் தூணில் விமர்சனம் ஒட்டுகிறவள்.

"பத்துக்கு நாலாமா?" என்றார் ராஜா. "சரி. பத்து விரலில் நாலை அவளே வைத்துக்கொள்ளட்டும். மிச்சத்தை நறுக்கிவிடுங்கள்."

இதைக் கேட்டதிலிருந்து மருதக்கூத்தனுக்குச் சோறு இறங்கவில்லை. ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அரண்மனையில் அவன் வேலை. அவனும் பத்துதான் போட்டிருந்தான், பெட்டியின் பட்டுறையைக்கூடப் பிரிக்காமல். இப்போது அவளுடைய ஓலையை வாங்கிப் படித்தான்.

'ஒவ்வொரு வாசலிலும் ராஜாவின் மெய்க்கீர்த்தி முழுதாக ஒலிக்கிறது. பட்டங்கள், வெற்றிகள், பாட்டன் பூட்டன் பெருமைகள் எல்லாம் சேர்த்து அரை நாழிகை. தாண்டிப் போகப் பொத்தான் இல்லை. அரக்கன் அதுவரை கைகட்டி நின்று கேட்டுவிட்டு, முடிந்ததும் காலில் விழுகிறான். வாளுக்கு வேலையே வரவில்லை. குகையில் சொட்டும் தண்ணீரின் சத்தம் மட்டும் அருமை. அதற்கு நாலு.'

மருதக்கூத்தனுக்கு வெட்கமாகிவிட்டது. பதிமூன்று பேரில் இவள் ஒருத்திதான் விளையாடியே இருக்கிறாள்.

மறுநாள் காலை அவை கூடியது. கட்டையும் கத்தியும் வந்தன. வஞ்சிக்கொடி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நாலை வைத்துக்கொள்வது என்று அவளுக்கு முடிவாகவில்லை.

"மகாராஜா," என்றான் மருதக்கூத்தன். "தண்டனை எங்கே போகிறது? முதலில் பத்து போட்டவர்களுக்குப் பரிசு கொடுத்துவிடலாமே. அப்புறம் தரையெல்லாம் ரத்தமாகும். புலவர்களின் வேட்டி பாழாகிவிடும்."

"அதுவும் சரிதான். என்ன பரிசு கொடுக்கலாம்?"

"நம் நாட்டில் இந்த விளையாட்டைவிட உயர்ந்த பொருள் ஏது? எழுபத்திரண்டு வாசலையும் இங்கேயே, தங்கள் கண்முன் ஆடி முடிக்கட்டும்."

தலைமைப் புலவர் சேந்தன் கவிராயருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெய்க்கீர்த்தி எழுதியவர் அவர்தான். "வயிறு காலியாக இருக்கிறது அப்பா. சாப்பாடு முடிந்து ஆரம்பிக்கலாமே," என்றார்.

"அதெப்படி ஐயா? 'கையில் எடுத்தால் பசி தெரியாது, முடிக்கும்வரை கீழே வைக்க மனம் வராது' என்று உங்கள் ஓலையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் நம்பிவிட்டோம்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "ஆடுங்கள்," என்றார்.

பன்னிரண்டு பெட்டிகள் திறந்தன, மருதக்கூத்தனுடையதும் சேர்த்து. முதல் வாசலில் மெய்க்கீர்த்தி ஆரம்பித்தது. அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. மெய்க்கீர்த்தி காதில் விழுந்தால் அத்தனை பேரும் எழுந்து நிற்கவேண்டும். அது முடியும்வரை ராஜா வலக்கையை உயர்த்தி ஆசி வழங்கவேண்டும். பாதியில் நிறுத்தினால் ராஜத்துரோகம்.

எல்லாரும் எழுந்தார்கள். ராஜா கையைத் தூக்கினார்.

ஒரு பெட்டியில் பாட்டன் பெருமை ஓடும்போது இன்னொன்றில் பட்டங்கள் தொடங்கின. இங்கே முடிந்தால் அங்கே பிடித்துக்கொண்டது. உட்கார இடைவெளியே வரவில்லை. நாலாம் வாசலில் சேனாதிபதி தூணில் சாய்ந்தார். ஏழாம் வாசலில் ராஜா வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டார். அரக்கர்கள் மட்டும் வரிசையாகக் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

பதினோராம் வாசலில் குண்டுப் புலவர் ஒருவர் நழுவி, வஞ்சிக்கொடிக்குப் பின்னால் போய் நின்றார்.

"அங்கே என்னய்யா செய்கிறீர்?" என்றார் ராஜா.

"மதிப்பெண்ணை மாற்றிக்கொள்கிறேன் மகாராஜா. ஒன்பது." சுண்டுவிரலை நீட்டினார். "சீக்கிரம் ஆகட்டும்."

"எனக்கு எட்டு," என்று இன்னொருவர் வந்து நின்றார்.

"எனக்கு அஞ்சு. ஒரு கை போதும், ஏடு எழுத."

"தள்ளி நில்லும் ஓய், நான் முதலில் வந்தவன்."

கத்திக்காரன் திணறிப்போனான். கடைசியில் கவிராயர் தள்ளாடி வந்தார். பத்து விரல்களையும் விரித்துக் கட்டைமேல் வைத்தார்.

"பூஜ்யம்," என்றார்.

ராஜா அவர் பக்கம் திரும்பினார். "நீர் எழுதியதற்கு நீரே பூஜ்யமா?"

"விரல் ஒன்று மிச்சமிருந்தாலும் திரும்பப் பெட்டியைக் கையில் கொடுத்துவிடுவீர்கள், மகாராஜா."

"இதைத் தாண்டிப் போக எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும்?" என்றார் ராஜா.

கவிராயர் தலை குனிந்தார். "ஒன்று இருந்தது. ஒரு வரிகூட வீணாகக் கூடாதென்று நான்தான் பிடுங்கச் சொன்னேன்."

உயர்த்திய கை உயர்த்தியபடியே இருக்க, ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்ததில் தோள்வலி இன்னும் கூடியது. கத்தியைக் கொண்டுபோகச் சொன்னார். "பொத்தானைத் திரும்ப வையுங்கள். அரக்கன் ஒருவனாவது என்னை எதிர்த்து நிற்கட்டும். அம்மா வஞ்சிக்கொடி, அப்படிச் செய்தால் மதிப்பெண் கூடுமா?"

"ஆடிப் பார்த்துத்தான் சொல்லமுடியும், மகாராஜா," என்றாள் அவள். பத்து விரல்களும் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தன.

"மருதக்கூத்தா, உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள், எதுவானாலும் தருகிறேன்."

மருதக்கூத்தன் கையிலிருந்த பெட்டியில் பன்னிரண்டாம் வாசல் திறந்தது. பட்டங்கள் முதலிலிருந்து தொடங்கின.

"கொஞ்சம் உட்காரலாமா, மகாராஜா?"