வாய்க்கால் கொசு குடிவந்த கதை

எங்கள் ஊமத்தம்பாடியில் யோசிக்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எனக்கு வயது முப்பத்தெட்டு. போன தடவை என்னைப் பார்க்க வந்த பெண்வீட்டார் கேசரியைக் கையில் வாங்கியதோடு சரி, காலைச் சொறிந்துகொண்டே வேனில் ஏறிவிட்டார்கள். அவ்வளவு கொசு. இந்தத் தடவை செங்குளத்திலிருந்து பெரியகருப்பன் என்பவர் தன் மகளுக்காக வீடு பார்க்க வரப்போகிறார். இதுவும் போனால் உனக்குக் கல்யாணமே கிடையாது என்று அம்மா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கொசு கடித்ததில் அதுவும் பாதியில் நின்றது.

நல்லவேளையாக, கொசு ஆராய்ச்சி செய்கிற ஓர் அம்மா ஊருக்கு வந்திருந்தார். நானும் என் கூட்டாளிகள் தேசிங்கும் ஒச்சப்பனும் போய் நின்றோம்.

"வயல் வாய்க்கால் கொசு பூச்சிமருந்துலயே வளர்ந்தது. நஞ்சை உடைக்கிற நொதி அது உடம்புல நிறைய சுரக்கும். மருந்தடிச்சா லேசுல சாகாது. வீட்டுத் தொட்டிக் கொசு அப்படியில்ல, செத்துடும்" என்றார்.

அன்று மாலையே ஆலோசனைக் கூட்டம் போட்டோம்.

"அப்ப தப்பு கொசு மேல இல்ல. அது இருக்குற இடத்து மேல" என்றான் தேசிங்கு.

"வாய்க்கால்ல இருந்தா சாகாது. தொட்டியில இருந்தா சாகும்" என்றான் ஒச்சப்பன்.

"அப்படின்னா?" என்றேன், எல்லாம் புரிந்தவன் போல.

"வாய்க்கால் கொசுவைத் தொட்டிக்கு மாத்திட வேண்டியதுதானடா!" என்றான் தேசிங்கு.

புழு நெளியும் வாய்க்கால் தண்ணீரைக் குடம் குடமாக என் வீட்டுத் தொட்டியில் ஊற்றினோம். அதிகம் சுமந்தவன் நான்தான், மாப்பிள்ளை இல்லையா. புழுவெல்லாம் கொசுவாகிப் பறந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மருந்தடித்தோம். மயங்கி விழுந்தது தேசிங்கு ஒருவன்தான்.

அவனுக்குத் தெளிந்ததும் மறுபடி ஓடினோம். அந்த அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல தொட்டியை மூடுங்கய்யா! மருந்தே படாம பல தலைமுறை போனா அந்தச் சக்தி கொஞ்சம் குறையும். மருந்துக்குப் பழகாத கொசுவோட கலந்தாலும் குறையும். அதுக்காக நீங்களா எதையும் செஞ்சு வைக்காதீங்க."

தொட்டியை மூடினோம். கொசுக்கள் வெளியே இருந்தன. போக்கிடமில்லாமல் என் அறைக்கு வந்து சேர்ந்தன. மருந்து வாசம் படக்கூடாதென்று ஊதுவத்திகூட ஏற்றவில்லை.

"அதுங்க கொள்ளுப்பேரன் பொறக்குற வரைக்கும் பொறுத்துக்கடா" என்றான் ஒச்சப்பன். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். பட்டினி கிடந்தால் கொள்ளுப்பேரன் எப்படிப் பிறப்பான்?

பெரியகருப்பன் வந்தார். வீங்கிய என் முகத்தைப் பார்த்தார். தன் கையில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்ள, இம்புட்டுக் கொசு?"

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்த்ததும், நம்ம ஆள்தான் என்று தெம்பு வந்தது.

"எங்க ஊர்க் கொசு மருந்து வாசமே அறியாதது, மாப்ள. ரொம்ப அடக்கமான கொசு. உங்க கொசுவுக்கு அதைக் கட்டிவைப்போம். பொறக்குற பிள்ளைக பொட்டுன்னு சாகும்."

தேசிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டோம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பெண்வீட்டுக் கொசுக்கள் குடத்தில் வந்து இறங்குகின்றன.

ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு கல்யாணம் ஆகாதென்று என்னுடையதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. இப்போதே சட்டையில்லாமல் படுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.