பறத்தல் துறைக்கு மாறிய அலங்கு

ஒரு காட்டில் புலி இருக்கும், நரி இருக்கும், மான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், பிள்ளைகளே. நான் சொல்லும் காட்டில் இவற்றோடு ஒரு பல்கலைக்கழகமும் இருந்தது. நீந்துதல், தாவுதல், தோண்டுதல், பறத்தல் என்று அங்கே நான்கு துறைகள்.

தோண்டுதல் துறையில் சுருளப்பன் என்றோர் அலங்கு படித்துவந்தான். அலங்கைப் பார்த்திருக்கிறீர்களா? எறும்புதின்னி என்றும் சொல்வார்கள். உடம்பு முழுக்கச் செதில், முழ நீளத்துக்கு நாக்கு. பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சுருளப்பனுக்குப் பயம் அடிக்கடி வரும்.

ஆனால் தோண்டச் சொன்னால் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் நகத்தைத் தீட்டி முடிப்பதற்குள் அவன் வளைக்குள்ளே போய் உட்கார்ந்திருப்பான். வகுப்பில் அவன்தான் முதல்.

அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பல்கலைக்கழகத்தின் காகிதங்களெல்லாம் காய்ந்த தேக்கிலைகள். விட்டுவைத்தால் கரையான் அரித்துவிடும். ஆகவே தோண்டுதல் துறை மாணவர் ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கரையானை ஒழித்துக் கொடுக்க வேண்டும். சுருளப்பன் தானாகவே அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். நாக்கை ஒரு சுழற்றுச் சுழற்றுவான். கரையானும் ஒழியும், காலைச் சாப்பாடும் முடியும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது ஒரு காதுகுத்து விழாவில்.

அது அவன் அத்தை வீட்டு விழா. அத்தை கை நிறைய அத்திப்பழத்தோடு வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா?

"ஏம்பா சுருளா, இப்ப என்ன படிக்கிறே?"

"தோண்டுதல், அத்தே."

"ஓ..." என்றாள் அத்தை. அந்த 'ஓ' மேலே தொடங்கிக் கீழே போய் முடிந்தது. "சரி, ஏதோ ஒண்ணு. நல்லா படி."

ஒரே ஓர் அத்திப்பழத்தை அவன் கையில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த மைனாவிடம் திரும்பினாள்.

"நீ என்னம்மா படிக்கிறே?"

"பறத்தல்!" என்றாள் மைனா. அவள் தலையில் பறத்தல் துறை மாணவர்கள் செருகிக்கொள்ளும் நீல இறகு ஆடியது.

"அடேயப்பா!" என்று அத்தை போட்ட சத்தத்தில் காது குத்திய குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. மிச்சப் பழம் முழுவதும் மைனாவின் மடியில் கொட்டப்பட்டது.

சுருளப்பனுக்கு வந்த அவமானம் கொஞ்சமல்ல. வீடு திரும்பும் வழியெல்லாம் 'ஓ' என்று ஒரு தடவையும் 'அடேயப்பா' என்று ஒரு தடவையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தான். எப்படிச் சொன்னாலும் 'ஓ' நன்றாக இல்லை.

திங்கட்கிழமை காலையில் பதிவாளர் முன்னால் போய் நின்றான்.

பதிவாளர் ஓர் ஆமை. விதி என்றால் அவருக்கு உயிர். ஒரு முறை ஆற்றில் வெள்ளம் வந்து விடுதியையே அடித்துக்கொண்டு போனது. வெள்ளத்தைப் பற்றி யாரும் எழுதிக் கொடுக்காததால், அப்படி எதுவும் வரவில்லை என்று கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சாதித்தவர் அவர். "பதிவில் இல்லாதது நடக்கவே இல்லை" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம்.

"ஐயா, நான் பறத்தல் துறைக்கு மாறணும்" என்றான் சுருளப்பன்.

பதிவாளர் விதிக்கட்டைப் பிரித்தார். ஒவ்வோர் இலையையும் நாக்கில் தொட்டுப் புரட்டினார். நான்காவது இலைக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

"துறை மாற விரும்பும் மாணவர் தம் துறையில் முதல் வகுப்பில் தேறியிருத்தல் வேண்டும். தேறியிருக்கியா?"

"இருக்கேன் ஐயா. நான்தான் முதல்."

"விட்டுச் செல்லும் துறையின் தலைவரும், சேரும் துறையின் தலைவரும் கையொப்பம் இடுதல் வேண்டும். சேரும் துறையில் ஓர் இடமேனும் காலியாக இருத்தல் வேண்டும். ம்... காலியா இருக்கு. போன வாரம் ஒரு கோழி பாதியிலேயே நின்னுட்டுது."

"அவ்வளவுதானா ஐயா?"

"இன்னும் ஒண்ணு. மாணவர் ஒருவர் ஒரே ஒரு முறை மட்டுமே துறை மாறலாம். அப்புறம் வந்து கண்ணைக் கசக்கக்கூடாது."

சுருளப்பனுக்கு உள்ளூர ஒரு சந்தேகம் உறுத்தியது. மெதுவாகக் கேட்டான்: "ஐயா, எனக்குச் சிறகு கிடையாதே. பரவாயில்லையா?"

பதிவாளர் விதிக்கட்டை முதலிலிருந்து கடைசி வரை மறுபடியும் புரட்டினார். சாயங்காலம் ஆனது.

"நாற்பத்தொரு விதி இருக்கு. சிறகைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. விதி கேக்காததை நாம ஏன்பா கேக்கணும்?"

சரிதானே என்று சுருளப்பனுக்கும் பட்டது. இவ்வளவு பெரிய விதிக்கட்டிலேயே இல்லாதது முக்கியமான விஷயமாக இருக்க முடியுமா?

தோண்டுதல் துறைத் தலைவி ஒரு பெருச்சாளி. மனதில் பட்டதைப் போட்டு உடைப்பவள். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள். சுருளப்பனின் முதுகைப் பார்த்தாள். மறுபடியும் விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"ஏண்டா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"விதியில இடம் இருக்கு, அம்மா."

"விதியில இருக்கு. உன் முதுகுல இருக்கா?" என்றாள் பெருச்சாளி. ஆனாலும் போகிறவனைப் பிடித்து வைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. கையொப்பம் போட்டுக் கொடுத்தாள்.

பறத்தல் துறைத் தலைவர் கழுகு. மூன்று மலைக்கு அப்பால் ஓடும் முயலைப் பார்ப்பவர், காலடியில் நிற்பவனைக் குனிந்து பார்த்ததே இல்லை.

"முதல் வகுப்பா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"சேர்ந்துக்கோ."

பதிவாளர் தம் காலைக் கோவைப்பழச் சாற்றில் தோய்த்து விண்ணப்பத்தின் மேல் வைத்து அழுத்தினார். முத்திரை விழுந்தது. சுருளப்பன் தலையில் நீல இறகு ஏறியது.

முதல் ஒரு மாதம் அவன் கால் தரையில் பாவவில்லை. பறந்ததால் அல்ல, பெருமையால்! பாடமும் சுலபமாகவே இருந்தது. காற்று எந்தப் பக்கம் வீசும், மேகம் எப்போது திரளும் என்றெல்லாம் கேட்டார்கள். எழுத்துத் தேர்வில் மைனாவைவிட அவனுக்குத்தான் அதிக மதிப்பெண். ஒரே ஒரு குறைதான். பறத்தல் துறை விடுதியில் மூன்று வேளையும் தினை, சாமை, தினை. கரையான் மணத்துக்கு அவன் நாக்கு ஏங்கிப்போயிற்று.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அறிவிப்பு வந்தது.

"நாளைக்குச் செய்முறைத் தேர்வு" என்றாள் மைனா. "கருடன் பாறை உச்சியில இருந்து குதிச்சு, கீழே ஆத்தைத் தாண்டி அந்தக் கரையில இறங்கணும். ரொம்ப சுலபம்!"

சுருளப்பன் ஓடிப்போய்க் கருடன் பாறை உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தான். ஆறு கீழே அரைஞாண் கயிறுபோலத் தெரிந்தது. அங்கேயே பந்தாகச் சுருண்டுவிட்டான். மைனா உருட்டி உருட்டித்தான் அவனைப் பாதைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"நான் தேர்வுக்கே வரலைன்னா?" என்று பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"விதி முப்பத்தேழு தெரியாதா? வராதவங்களை ரெண்டு பருந்து தூக்கிட்டு வந்து உச்சியில இருந்து போட்டுடும். நேரம் தவறக்கூடாதுல்ல?"

பந்து இன்னும் இறுகியது. கொஞ்ச நேரம் கழித்துப் பிரிந்து, பதிவாளர் அலுவலகத்தை நோக்கி ஓடியது.

"ஐயா! ஐயா! என்னைத் திரும்பத் தோண்டுதலுக்கே மாத்திடுங்க!"

பதிவாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு முறை மட்டுமே. விதி ஒன்பது."

"நாளைக்கு நான் செத்துப்போயிடுவேன் ஐயா!"

"அப்படி நடந்தா வீட்டுக்காரங்களை எழுதிக் கொடுக்கச் சொல்லு. பதிவு பண்ணிக்கறேன்."

சுருளப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு அத்திப்பழம் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைத்து உயிரையே கொடுக்கப்போகிறோமே என்று நொந்துகொண்டான். அப்போது அவன் மூக்கில் ஒரு மணம் ஏறியது.

ஆகா! அந்த மணம் அவனுக்குத் தெரியாதா?

அவன் துறை மாறிப் போன பிறகு ஐந்து வெள்ளிக்கிழமை வந்து போயிருந்தது. புது ஆளைக் கேட்டு விண்ணப்பம் எதுவும் எழுதப்படவில்லை. எனவே யாரும் வரவுமில்லை. அலுவலகத்தின் பின்சுவரில் செம்மண் வரிவரியாக ஏறியிருந்தது. கரையான் கூட்டம் இலைக்கட்டுகளுக்குள் புகுந்துவிட்டது.

பதிவாளரும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக வேகமாக எழுந்தார்.

"ஐயோ, கரையான்! கீரியோட விடுப்புக் கடிதமெல்லாம் போச்சே! சுருளா, என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கறே? நாக்கை நீட்டு!"

சுருளப்பனின் நாக்கு தானாகவே அரை முழம் வெளியே வந்துவிட்டது. அந்த நொடியில் அவன் கண்ணில் ஒன்று பட்டது. கீரியின் கடிதக்கட்டுக்கு அடுத்தபடியாக இருந்தது துறை மாற்றக் கட்டு. அந்த ஆண்டு துறை மாறியவன் அவன் ஒருவன்தான். அந்தக் கட்டுக்குள் இருந்தது ஒரே ஓர் இலை. அதற்கும் அப்பால் நாற்பத்தொரு விதிகளும் கட்டாக இருந்தன.

நாக்கைப் பிடித்து உள்ளே தள்ளி, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"மன்னிச்சுக்கணும் ஐயா" என்றான் விரலிடுக்கு வழியாக. "ஒரு துறை மாணவர் பிறிதொரு துறையின் பணியைச் செய்தல் கூடாது. விதி பத்தொன்பது. நான் பறத்தல் துறை ஆச்சே!"

பதிவாளர் கரையானையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விதி... சரிதான். ஆனா என் கட்டு..."

"விதி ஐயா, விதி."

கரையான் துறை மாற்றக் கட்டை அடைந்தது. அவன் பெயர் போயிற்று. கழுகின் கையொப்பம் போயிற்று. சுருளப்பனின் வயிறு கடகடவென்று கத்தியது. எச்சில் ஊறி முழங்கை வழியாக ஒழுகியது. கோவைப்பழச் சாற்று முத்திரையின் கடைசித் துணுக்கு மறைந்ததும் அவன் கையை எடுத்தான்.

"ஐயா, ஒரு சந்தேகம். பதிவின்படி நான் எந்தத் துறை?"

பதிவாளர் துறை மாற்றக் கட்டைத் தூக்கினார். கயிறு மட்டும் கையோடு வந்தது. தோண்டுதல் துறைப் பெயரேட்டைத் திறந்தார். அடிக்கச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்காததால் 'சுருளப்பன்' என்று அதில் பளிச்சென்று இருந்தது.

"நீ துறை மாறினதா பதிவே இல்லையே!"

"பதிவில் இல்லாதது?"

"நடக்கவே இல்லை!" என்றார் பதிவாளர், பழக்கத்தில். சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. "அப்போ நீ தோண்டுதல் துறைதான். அட, அப்புறம் என்ன வேடிக்கை? விதிக்கட்டுல ஏறுதுப்பா! நக்குப்பா! நக்கு!"

ஐந்து வாரப் பசியோடு சுருளப்பன் நாக்கை நீட்டினான். பின்சுவர், மேற்கூரை, அலமாரி, பதிவாளரின் ஓடு என்று எதையும் விடவில்லை. நாற்பத்தொரு விதிகளும் பிழைத்தன.

"உன் தலையில என்ன, நீல இறகு?" என்றார் பதிவாளர் கடைசியில்.

"காத்துல வந்து ஒட்டிக்கிச்சு ஐயா" என்று அவன் அதை உதறிவிட்டான்.

மறுநாள் கருடன் பாறையில் கழுகு பெயர் வாசித்தார். அவர் பட்டியலைப் பதிவாளரிடமிருந்துதான் வாங்குவார். அதில் அலங்கு எதுவும் இல்லை. பருந்துகளுக்கும் அன்று வேலை இல்லை. மைனா ஆற்றைத் தாண்டும்போது கீழே பார்த்தாள். கரையில் ஒருவன் பாட்டுப் பாடியபடி மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற பெருச்சாளி, "எங்கேடா போயிருந்தே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனாள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அத்தை வீட்டில் இன்னொரு விழா வந்தது.

"சுருளா, படிப்பு என்ன, அதேதானா?"

"அதேதான் அத்தே. தோண்டுதல்."

"ஓ..." என்றாள் அத்தை. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மழை வரப்போகுது. எங்க வளை இடிஞ்சு கிடக்கு. எப்பப்பா வர்றே?"

அவளுக்குப் பின்னால் முயலும் முள்ளம்பன்றியும் கீரியும் அதே கேள்வியோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கூடை அத்திப்பழம்.

சுருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "எல்லாரும் எழுதிக் கொடுங்க. பதிவில் இல்லாததுக்கு நான் வரமாட்டேன்."

நீதி: ஊர் 'அடேயப்பா' என்று சொல்வதற்காகப் படிப்பை மாற்றுவதற்கு முன் உன் முதுகை ஒரு தரம் தடவிப் பார், விதி இடம் கொடுக்கும், சிறகு கொடுக்காது.